நான்காம் இலக்கம்

30ஆம் நாள், வியாழன்

இன்று காலையோடு தண்ணீரை நிறுத்திவிட்டோம். இனி அறுவடை வரை பன்னிரண்டு பாத்திக்கும் ஒரு சொட்டுக்கூட இல்லை.

நாட்களை நான் விதைத்த நாளிலிருந்து எண்ணுகிறேன். புள்ளியியல் மாலை வகுப்பில் எல்லோரும் தங்கள் வேலையைப் பற்றி ஒரு நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் என்ன எழுதுகிறார்களோ தெரியாது. எனக்கு எழுத இருப்பது கௌபிப் பயறு மட்டும்தான்.

தோட்டம் மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. முத்துக்குமாரு அண்ணையின் செம்மண் காணி. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் நிலத்தில் அயல் பாத்திகளின் ஈரம் ஊறிவிடும் என்பதால் அவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கியிருக்கிறோம். பன்னிரண்டு பாத்தி, பன்னிரண்டு இலக்கம். ஒரு பாத்தியில் நிற்பவை எல்லாம் ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள். உள்ளூர்ச் சிறுமணிக் கௌபி வறட்சியைத் தாங்கும், ஆனால் குறைவாகக் காய்க்கும். பெருமணிக் கௌபி நன்றாகக் காய்க்கும், தண்ணீர் இல்லாவிட்டால் படுத்துவிடும். இரண்டையும் என் மேலதிகாரி நிமலினி மேடம் ஐந்து வருடத்துக்கு முன்னர் கலந்தார். இரண்டின் நல்ல குணமும் ஒரே செடியில் வந்திருக்கிறதா என்று தேடுகிறோம். அப்படி ஒன்று கிடைத்தால் பூநகரிக்கும் நெடுந்தீவுக்கும் கொடுக்கலாம். கிணற்று நீர் உவர்க்கும் இடங்களில் மழையை மட்டும் நம்பி விதைப்பவர்களுக்கு அது போதும்.

விதை குறைவு. ஓர் இலக்கத்துக்கு ஒரு பாத்திக்கு மட்டுமே போதும். பைகளைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, மூலையில் ஒட்டியிருந்த விதையையும் எடுத்து விதைத்தேன். ஒன்றுக்கு ஒன்று என்றால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது இல்லை. வகுப்பில் இதைத்தான் செய்யக் கூடாது என்று படிப்பிக்கிறார்கள்.

ஒன்பதாம் இலக்கம் என்னுடையது. போன வருடம் முந்நூறு செடிகளுக்குள் நானாகப் பார்த்துச் சிவப்பு நூல் கட்டிய செடியின் பிள்ளைகள். "நீர் கட்டின நூல். நீரே பாரும்" என்றார் மேடம். அதே நூலை இப்போது ஒன்பதாம் பாத்தியின் குச்சியில் கட்டியிருக்கிறேன். மற்றவை மேடம் தெரிந்தெடுத்தவை. நான்காம் இலக்கத்தை மட்டும் யாரும் விரும்பித் தெரிந்தெடுக்கவில்லை. பன்னிரண்டு வேண்டும், பதினொன்றுதான் இருந்தது, அதனால் சேர்த்தோம்.

அறுவடைக்கு முன் நான்கு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுவோம். ஒன்பது அந்த நான்குக்குள் வரவேண்டும். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

36ஆம் நாள், புதன்

சோளகக் காற்று செம்மண்ணை வாரி முகத்தில் எறிகிறது. கண்ணைத் திறந்து இலைகளைப் பார்ப்பதே பாடு.

முத்துக்குமாரு அண்ணை பக்கத்தில் தன் கத்தரிக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். கிணறு நாலு பேரின் பங்குக் கிணறு. நாலு நாளைக்கு ஒருமுறை அவருடைய முறை வரும். வாய்க்காலில் தண்ணீர் பளபளத்து ஓடியது. கௌபிப் பாத்திகளின் வாய்கள் மட்டும் மண்போட்டு அடைத்தபடி.

"பச்சைத் தண்ணியைப் பக்கத்திலை ஓடவிட்டுப்போட்டு, செடியைப் பட்டினி போடுறியள். உதுகள் உங்களுக்கு என்ன பிள்ளை செய்ததுகள்?" என்றார்.

"தாங்கிறது எது எண்டு பாக்கிறதுக்குத்தான் அண்ணை."

"மனுசரையும் உப்பிடித்தான் பாக்கிறவையோ உங்கடை கந்தோரிலை?"

நான் சிரித்தேன். என் வேலை ஒப்பந்தம் மார்கழியில் முடிகிறது என்று அவருக்குத் தெரியாது.

43ஆம் நாள், புதன்

நண்பகல் பன்னிரண்டரைக்கு நிலையத்தின் குறிப்பேட்டில் வாடல் புள்ளி போட்டேன். ஒன்று என்றால் இலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஐந்து என்றால் கருகத் தொடங்கிவிட்டன. எப்போதும் நண்பகலில்தான் போடவேண்டும். காலையில் எல்லாச் செடியும் நன்றாகவே இருக்கும்.

நான்காம் இலக்கம் 2. ஒன்பதாம் இலக்கம் 4. மற்றவை எல்லாம் மூன்றும் நான்கும்.

நான்கா ஒன்பதா என்று குச்சியை இரண்டு தரம் பார்த்தேன். குச்சிகளில் இலக்கங்களை எழுதியவர் மேடம். மேடத்தின் எழுத்து ஈர மணலில் நண்டு ஓடினதுபோல இருக்கும். ஆனால் சிவப்பு நூல் கட்டியிருப்பது ஒன்பதில். அந்தப் பாத்திதான் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட மனமில்லை. நூல் கட்டிய அன்று என்னத்தைப் பார்த்து அந்தச் செடியைத் தெரிந்தெடுத்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அழகாக நின்றது, அவ்வளவுதான்.

44ஆம் நாள், வியாழன்

ஆடி அமாவாசை. முத்துக்குமாரு அண்ணை தகப்பனுக்குக் கடமை செய்யக் கீரிமலைக்குப் போகிறேன் என்று நேற்றுச் சொன்னார். நான் தோட்டத்துக்குப் போகவில்லை. மாலையில் வகுப்பு. சராசரி, விலகல். வீட்டுவேலையாகச் சொந்த வேலையின் எண்களைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

48ஆம் நாள், திங்கள்

ஒரு பிழை விட்டேன். சரியாக எழுதவேண்டும்.

பதினொரு மணிக்கு நிலையத்தில் கூட்டம் இருந்ததால் காலை ஏழு மணிக்கே புள்ளி போட்டேன். எல்லாப் பாத்தியும் எழும்பி நின்றன. ஒன்பது மற்ற எல்லாவற்றையும்விடப் பச்சையாக, புதிய தளிரும் பூவுமாக நின்றது. நான்கில் இலைகள் சிறுத்து, நிறம் மங்கி, விளிம்புகள் மேல்நோக்கி மடிந்திருந்தன. பன்னிரண்டுக்குள் அது ஒன்றுதான் ஏழைப்பட்டுத் தெரிந்தது. ஒன்பதுக்கு 1 போட்டேன். நான்குக்கு 3.

பிறகு குறிப்பேட்டின் புதன்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். அதில் நான்குக்கு 2, ஒன்பதுக்கு 4. நேர்மாறு. ஐந்து நாளில் ஒரு செடி இப்படி மாறுமா? மாறாது. அப்படியென்றால் பிழை என்னுடையது. மேடத்தின் 4இல் மேல்வாய் மூடியிருக்கும், 9 போலவே இருக்கும். வெயிலில் நின்று மாற்றி எழுதியிருக்கிறேன். நான் இப்படிப் பிழை விடுகிறவள்தான். க.பொ.த. கணிதத்தில் விடைகளைச் சரியாகக் கண்டுபிடித்து, மாற்றி எழுதி வைத்தவள்.

அழிறப்பரால் இரண்டு எண்ணையும் அழித்து, இடம் மாற்றி எழுதினேன். பென்சில் எழுத்து என்பதால் தெரியவில்லை.

எட்டாம் பாத்தி ஓரத்தில் மண்ணின் மேல் மெல்லிய படை காய்ந்து வெடித்திருந்தது. குறிப்பேட்டில் 'மண் மேல் மெல்லிய படை' என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

49ஆம் நாள், செவ்வாய்

மேடத்திடம் புள்ளிகளைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிரலை விரலால் கீழே இழுத்துப் பார்த்தார்.

"உம்மடை ஒன்பது கெட்டிக்காரப் பிள்ளை போலை கிடக்கு."

"ஓம் மேடம்."

"நீர் சந்தோசப்படலாம், கஜந்தினி. அதுக்கு ஆரும் வரி கேக்க மாட்டினம்."

இரண்டு, ஏழு, ஒன்பது, பதினொன்று என்ற நான்கையும் வைத்துக்கொள்வோம் என்றார். ஓரத்துப் பாத்திகளில் அழுக்கணவன் பூச்சி மொய்க்கத் தொடங்கியிருக்கிறது. வைத்திருக்கிற நான்குக்கும் அது பரவக் கூடாது. ஆகவே மற்ற எட்டையும் வெள்ளிக்கிழமைக்குள் பிடுங்கிவிட வேண்டும். முத்துக்குமாரு அண்ணைக்கு அழைப்பெடுத்து இலக்கங்களைச் சொன்னேன். ஆடுகளுக்கு ஆச்சு என்று சந்தோசப்பட்டார்.

ஒன்பது தேறிவிட்டது. இதை எழுதும்போது நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

51ஆம் நாள், வியாழன்

வகுப்பில் எண்களைப் பக்கத்தில் இருப்பவருடன் மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் டினேஸ். குருநகரில் மீனுக்கு ஐஸ் போடும் தொழிற்சாலையில் வேலை. பெட்டிகளின் வெப்பநிலையை எழுதிக்கொண்டு வந்திருந்தான். தாளிலும் மீன் மணந்தது.

என் இரண்டு நிரல்களையும் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"நாலையும் ஒன்பதையும் மாத்தி எழுதினனான் எண்டு சொன்னீர். சரி. மற்றப் பத்துக்கும் என்ன நடந்தது?"

"என்ன நடந்தது?"

"புதனிலை எல்லாம் மூண்டு, நாலு. திங்களிலை எல்லாம் ஒண்டு, ரெண்டு. பத்தும் ஒரே நேரம் சுகமாகிட்டுதோ? என்ன, செபம் கிபம் பண்ணினீரோ?"

"காலமை பாத்தது. காலமையிலை எல்லாம் நல்லா நிக்கும்."

"அப்ப நாலு ஏன் நல்லா நிக்கேல்லை?"

டினேஸ் தாளைத் திருப்பித் தந்தான்.

"எங்கடை பெட்டியிலை எல்லா எண்ணும் ஒரே நாளிலை மாறினா மீன் மாறினதெண்டு நாங்கள் நினைக்கிறேல்லை. ஆரோ மூடியைத் திறந்திருக்கிறாங்கள் எண்டு போய்ப் பாப்பம். பாத்தா, எங்கடை முதலாளிதான் திறந்து றால் எடுத்துக்கொண்டு நிப்பார்."

அவன் சிரித்தான். நான் தாளைப் பார்த்தபடி இருந்தேன். காலை வேளை என்பது எல்லாவற்றுக்கும் பொது. ஒன்பதையும் தூக்கிவிடும், நான்கையும் தூக்கிவிடும். நான்கு மட்டும் இறங்கியிருந்தது. நான் மாற்றி எழுதாமல் விட்டிருந்தால், பதினொன்று ஏற ஒன்று மட்டும் இறங்கியது என்று அந்த இரண்டு நிரலும் சொல்லியிருக்கும். அதைத்தான் அழித்துவிட்டேன்.

வகுப்பு முடிய ஏழு மணி. பிடுங்குவதை நிறுத்தச் சொல்ல, வாசலில் நின்றே முத்துக்குமாரு அண்ணைக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு தரம் அழைத்தேன். அவர் தோட்டத்துக்குப் போகும்போது போனைச் சாமி அறையில் வைத்துவிட்டுப் போகிறவர். வெள்ளிக்கிழமைக்குள் என்றுதானே சொன்னேன், நாளைக்குத்தான் தொடங்குவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

52ஆம் நாள், வெள்ளி

ஆறேகாலுக்குத் தோட்டத்தில் நின்றேன். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே வரம்பில் பச்சைக் குவியல் தெரிந்தது. இரண்டு ஆடுகள் அதற்குள் தலையை விட்டிருந்தன.

முத்துக்குமாரு அண்ணை வேலியடியில் கையில் மண் தட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்கோ பிள்ளை. நேற்றுப் பின்னேரமே தொடங்கினனான். ஏழு பாத்தி முடிஞ்சுது. கையாலை இழுக்க வெண்ணெய் மாதிரி வருகுது."

"எந்த ஏழு அண்ணை?"

"நீங்கள் சொன்னதுதான். ஒண்டு, மூண்டு, அஞ்சு, ஆறு, எட்டு, பத்து, பன்ரண்டு. நாலு மட்டும் மிச்சம். அது வருகுதில்லை. நேற்று ஏழெட்டுச் செடி இழுத்தன், தண்டு முறியுது, வேர் வருகுதில்லை. மண் இரும்பு மாதிரிக் கிடக்கு. மம்பெட்டி எடுக்கத்தான் இப்ப வெளிக்கிடுறன்."

நான்காம் பாத்தியிடம் ஓடினேன். ஓரத்தில் எட்டுச் செடி முறிந்து கிடந்தது. மற்றவை நின்றன. குந்தி விரலை மண்ணில் குத்தினேன். நகம்தான் நொந்தது. பக்கத்தில் பிடுங்கி முடிந்த ஐந்தாம் பாத்திக்குப் போய்க் குத்தினேன். விரல் இறங்கியது. ஒரு சாணுக்குக் கீழே மண் கையில் ஒட்டியது. மூன்று, ஆறு, எட்டு. எல்லாம் ஒட்டியது. கடைசியாக ஒன்பது. குத்த மனமில்லாமல் குத்தினேன். அதுவும் ஒட்டியது.

மழை பெய்யவில்லை. பெய்திருந்தால் நான்கிலும் பெய்திருக்கும்.

"அண்ணை, இதுகளுக்குத் தண்ணி விட்டவை ஆர்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்கள்தானே விடச் சொன்னியள்?"

"நானோ?"

"அமாவாசைக்குக் கீரிமலையாலை பின்னேரம் வந்து பாக்க எல்லாம் நனைஞ்சு கிடந்தது. கந்தோரிலை மனம் மாறிட்டினம் எண்டு நினைச்சன். நீங்கள் ஒண்டு சொல்லுவியள், நாலு நாளிலை இன்னொண்டு சொல்லுவியள். நான் ஏன் கேப்பான்?"

அடுத்த காணியில் வெங்காயத்துக்குள் களை எடுத்துக்கொண்டிருந்த உதயகலா அக்கா நிமிர்ந்தா. அதே கிணற்றின் இன்னொரு பங்குக்காரி. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியாவில் மூன்று கிழமை நின்றுவிட்டு அமாவாசைக்கு முதல்நாள்தான் திரும்பியவ என்று பிறகு தெரிந்தது.

"நான்தான் விட்டனான்" என்றா.

முத்துக்குமாரு அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு விளங்கவில்லை. அக்காதான் விளக்கினா. இந்தக் கிணற்றில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பங்காளியின் முறையன்று அவருக்குத் தாய் தகப்பன் கடமை வந்தால், அடுத்த முறைக்காரர் முதலில் அவர் காணிக்கு இறைக்கவேண்டும். இறைத்ததை அவரிடம் சொல்லக் கூடாது. அவரும் கேட்கக் கூடாது. சொன்னால் அது தகப்பன் பேரில் கொடுத்த தண்ணீர் ஆகாது, கைமாற்று ஆகிவிடும்.

"கத்தரிக்கு விட்டு முடிச்சுத் திரும்பினா, உந்தக் கௌபி கழுத்து முறிஞ்ச கோழி மாதிரிக் கிடக்கு. அந்தாள் அங்கை தகப்பனுக்குத் தண்ணி விட, இஞ்சை அந்தாளின்ரை பயிர் தண்ணி இல்லாமல் சாகிறதோ? பாத்தி பாத்தியாய் வாயை வெட்டி விட்டன். பட்டினி போட்டுப் பாக்கிற பயிர் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் நான். மூன்று பங்காளிகளிடமும் போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாத்தியின் நீள அகலத்தை மில்லிமீற்றர் வரை எழுதி வைத்திருக்கிறேன்.

"எல்லாத்துக்கும் விட்டனீங்களோ அக்கா?"

"ஒண்டுக்கு விடேல்லை." மம்பெட்டிப் பிடியால் நான்கைக் காட்டினா. "அது நிமிந்து நிண்டது. நிக்கிறதுக்கு ஏன் தண்ணி? கிணத்திலை அவ்வளவு கிடக்கோ?"

"இந்த ஒன்பது?"

"எது ஒன்பது? உந்தச் சிவப்பு நூல் கட்டினதோ? அதுக்குத்தான் முதல் விட்டனான். அதுதான் கூடச் சாகக் கிடந்தது."

ஆடு ஒன்று குவியலுக்குள் இருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தபடி அசைபோட்டது.

குவியலைக் கிளறினேன். பிஞ்சுக் காய்கள் சில கிடந்தன. ஒன்றிரண்டில் மணி முற்றியும் இருந்தது. ஆனால் எது எந்தப் பாத்தி என்று இனி யார் சொல்வார்? கையில் எடுத்ததைத் திரும்பக் குவியலிலேயே போட்டேன்.

"மம்பெட்டி எடுக்கட்டோ, வேண்டாமோ?" என்று முத்துக்குமாரு அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. நாலிலை கை வைக்க வேண்டாம்."

எண்ணினேன். இருபத்தொன்பது செடி.

53ஆம் நாள், சனி

நேற்று மேடத்துக்கு எதுவும் சொல்லவில்லை. கொழும்புக்குப் போயிருந்தார் என்பது சாட்டு. போன் எல்லா இடத்திலும் வேலை செய்யும்.

சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்று இரவெல்லாம் ஒழுங்காக யோசித்தேன். குறிப்பேட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்பது தேறும். அடுத்த போகம் அதைப் பெருக்குவோம். இரண்டு வருடம் கழித்து நெடுந்தீவில் ஒருவர் எங்கள் சொல்லை நம்பி விதைப்பார். அங்கே அமாவாசைத் தண்ணீர் விட உதயக்கா இருக்க மாட்டா.

இன்று காலை நிலையத்தில் மேடத்தின் முன் நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். தண்ணீர், ஏழு பாத்தி, அழித்து எழுதியது.

மேடம் கோபப்படவில்லை. எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து விதைப் பைகளை வெளியே எடுத்தார். ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்று. மூன்று. ஐந்து. மேசையில் ஒன்றும் விழவில்லை.

"எல்லாத்தையும் தட்டி விதைச்சனீரோ?"

"ஓம் மேடம். நான்தான் தட்டினனான்."

"நல்ல வடிவாய்த் தட்டியிருக்கிறீர்." எட்டாம் பையில் இரண்டு விதை தையலுக்குள் சிக்கியிருந்தது. அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டார். மற்ற ஆறும் வெறுமை. ஐந்து வருட உழைப்பில் ஆறு இலக்கம் போய்விட்டது. பைகளை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தார்.

"நீர் அழிச்ச எண் என்ன?"

"நாலுக்கு ரெண்டு, ஒன்பதுக்கு நாலு."

"எப்பிடித் தெரியும்?"

"ஞாபகம் இருக்கு மேடம்."

"திங்கக்கிழமை உம்மடை ஞாபகம் வேறை மாதிரிச் சொன்னதெல்லோ."

அப்போதுதான் இந்த நாட்குறிப்பு நினைவுக்கு வந்தது. பையிலேயே இருந்தது. 43ஆம் நாள் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் வேறு என்ன எழுதியிருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. வாங்கவும் முடியாது.

மேடம் முழுவதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஈர மணலிலை நண்டு ஓடினது."

"மன்னியுங்கோ மேடம்."

"சரியாய்த்தான் எழுதியிருக்கிறீர். ரெண்டு தரம் பாத்தனீர் எண்டும் எழுதியிருக்கு. பாத்த கண்ணை நம்பாமல் பேந்து ஏன் அழிச்சனீர்?"

பதில் இருந்தது. பிழை நானாகத்தான் இருக்கும் என்று நினைப்பது எனக்குப் பழக்கம். இந்த முறை அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஒன்பது ஏறியது. ஆனால் இதை மேடத்திடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மேடம் குறிப்பேட்டில் அழித்த இடத்துக்குப் பக்கத்தில் நடந்ததை எழுதி என்னைக் கையொப்பமிடச் சொன்னார். தானும் கீழே ஒப்பமிட்டார். தேறிய பாத்திகளைப் பார்க்கக் கொழும்பிலிருந்து திங்கட்கிழமை வருவதாக இருந்த அதிகாரிகளை வரவேண்டாம் என்று என் முன்னாலேயே போனில் சொன்னார். காரணமும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அது நல்லதா என்று தெரியவில்லை. மார்கழியைப் பற்றி அவர் ஒன்றும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"அஞ்சு பாத்தி இருக்கு. தண்ணி விட்ட நாலும் திரும்பக் காயட்டும். மத்தியானத்திலை பாரும். ஒப்பிட ஆள் இல்லையெண்டு நெடுகப் பயப்பிடுறீர். ஒரு ஆளைத் தேடும்."

வரும் வழியில் முத்துக்குமாரு அண்ணையோடு மற்ற மூன்று பங்காளிகளின் வீடுகளுக்கும் போனேன். 'கௌபிக்குத் தண்ணீர் விடவேண்டாம். செத்தாலும் விடவேண்டாம்' என்று சொன்னேன். செத்தாலும் என்ற சொல்லுக்கு ஒரு வீட்டில் முகம் சுழித்தார்கள்.

57ஆம் நாள், புதன்

நண்பகல் பன்னிரண்டரை. வானம் கிழக்கே கொஞ்சம் கறுத்திருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

இன்று உதயக்காவின் முறை. கிணற்றடியில் மிசின் அடித்துக்கொண்டிருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் வெங்காயத்துக்கு ஓடியது. கௌபிப் பாத்திகளைத் தாண்டித்தான் ஓடவேண்டும். ஒன்பதின் இலைகள் கிழிந்த குடைபோலத் தொங்கின. கீழ் இலைகளின் விளிம்பு கருகத் தொடங்கியிருந்தது. வாய்க்காலுக்கும் அதற்கும் நடுவே இரண்டு கை மண்தான் இருந்தது.

முதலில் நான் புள்ளி போட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகு, ஒப்பிட இன்னொரு கண் வேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஒரு உதவி. உங்களுக்கு இந்த அஞ்சுக்கும் தண்ணி விட அனுமதி கிடைச்சா, முதல் எதுக்கு விடுவியள்? பிறகு எதுக்கு? வரிசையாய்ச் சொல்லுங்கோ."

"விடப் போறியளோ?"

"இல்லை."

"அப்ப ஏன் பிள்ளை என்ரை வாயைக் கிளறுறீர்? விருந்துக்குக் கூப்பிடாதவன் என்ன கறி வேணும் எண்டு கேட்ட மாதிரி."

ஆனாலும் மம்பெட்டியை ஊன்றிவிட்டு வரம்பில் நடந்து வந்தா. ஒவ்வொரு பாத்தி முன்னாலும் நின்றா. இலையைத் தொடவில்லை. சும்மா பார்த்தா. நான் தாளில் புதிதாக ஒரு நிரல் கீறி 'உ' என்று தலைப்பிட்டிருந்தேன்.

"முதல் உந்தச் சிவப்பு நூலுக்கு. அண்டைக்கும் உதுதான், இண்டைக்கும் உதுதான். பிறகு பதினொண்டு. பிறகு ரெண்டு. ஏழு பின்னேரம் வரை தாங்கும்."

"நாலு?"

அக்கா நான்கின் முன்னால் வந்து குனிந்து பார்த்தா. இருபத்தொன்பது செடியும் இலைகளை மேல்நோக்கி மடித்துக்கொண்டு நின்றன. வெயில் படும் பரப்பைக் குறைக்கத்தான் மடிக்கின்றன. அன்று காலையில் அதை நான் வறுமை என்று நினைத்தேன். ஒவ்வொன்றிலும் ஏழு, எட்டுக் காய். சிறிதல்ல, நல்ல நீளம்.

"உதுக்கு ஏன்? உது எங்களிட்டைக் கேக்கேல்லை."

சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து விரித்தேன். ஒன்பதுக்கு 5. பதினொன்றுக்கு 4. இரண்டுக்கு 4. ஏழுக்கு 3. நான்குக்கு 2. இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பேனையால் எழுதினேன்.

"சிவப்பு நூல் உம்மடையோ?" என்று அக்கா கேட்டா.

"ஓம்."

"ஒரு வாளி ஊத்தினா எழும்பும்."

"தெரியும் அக்கா."

அக்கா மம்பெட்டியை எடுத்துக்கொண்டு வெங்காயத்துக்குப் போனா. நான் கருகும் இலைகளின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அறுவடைக்கு இன்னும் எட்டு நாள். மழை வரலாம். ஆடு கயிற்றை அறுக்கலாம். இருபத்தொன்பது செடியின் விதை ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். அதைக் கடைசிவரை தட்டி விதைக்கக் கூடாது, பாதியைக் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும் என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

நூலை அவிழ்க்கவில்லை. திங்கட்கிழமையும் வந்து பார்ப்பதாக உதயக்கா சொல்லியிருக்கிறா. ஒன்பது எது என்று அவவுக்கு அதை வைத்துத்தான் தெரியும்.